பக்கத்திலேயே சேமி

மருமகள் எழுதிய அந்த வரியில் தவறே இல்லை என்று அவளுடைய அலுவலகத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். குரலைப் பதிவு செய். புரோகிராம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சேமி. அவ்வளவுதான். கேட்பதற்கு எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாருங்கள், கண்ணுகளா.

அவளுடைய மாமனார் டிரைவிங் மாஸ்டர். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர். கற்றுக்கொடுத்தவர் என்பதைவிடக் கத்திக்கொடுத்தவர் என்றால் இன்னும் பொருத்தம். அந்தக் கத்தலுக்கு வீட்டிலும் ஒரு வேலை இருந்தது. அவள் அத்தை என்று அழைக்கும் மாமியாரின் கண்ணைச் சர்க்கரை நோய் தின்றுவிட்டது. கணவரின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வீட்டுக்குள் நடமாடினார்.

"நேரா வா. லேசா இடது பக்கம் ஒடி. ஏய், ரிவர்ஸ் வராதே, பின்னாடி ஸ்டூல்!"

"நான் என்ன உங்க காரா?"

"காரா இருந்தா இவ்வளவு வாய் பேசாது."

இப்படித்தான் நாள் முழுக்க. மகன் கப்பலில் வேலை பார்த்தான். வருஷத்தில் பெரும்பகுதி கடலில். வீட்டில் இருந்தது இந்த மூவர்தான்.

மாஸ்டரின் குரல் முதலில் கம்மியது. கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். பிறகு மருமகளை மட்டும் தனியாக அழைத்தார், அதற்கு மாஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "வண்டி என்னுது டாக்டர், என்கிட்டயே சொல்லுங்க" என்றார். புற்று. குரல்வளையை முழுதாக எடுத்தால் உயிர் பிழைக்கும், குரல் போய்விடும். வேறு ஏதாவது கருவி வைத்துப் பேசலாமா என்று மருமகள் கேட்டாள். இந்தத் தொண்டையில் அது நிற்காது என்று டாக்டர் சொன்னார்.

"எழுதிக் காட்டலாமே. நிறையப் பேர் அப்படித்தான் சமாளிக்கிறாங்க."

மாஸ்டர் சிரித்தார். "எழுதி யார்கிட்ட காட்ட?"

வெளியே பெஞ்சில் அத்தை கதவுச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பியபடி உட்கார்ந்திருந்தார்.

மருமகளுக்கு அந்த யோசனை வந்தது பஸ்ஸில். அவள் பார்சல் அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். பெட்டிகளில் ஒட்டும் சீட்டுகளை அச்சடிக்கச் சின்னச் சின்ன புரோகிராம் எழுதுவது அவள் வேலை. மாமாவுக்கும் ஒன்று எழுதலாம். திரை நிறையப் பெரிய பெரிய பொத்தான்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பேச்சு: தண்ணி, வலிக்குது, இங்கதான் இருக்கேன், பாத்து வா, ஸ்டூல் இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னால் அவர் எல்லாவற்றையும் தன் குரலில் சொல்லிப் பதிந்துவிட வேண்டியது. பின்னால் அமுக்கினால் போதும், அவரே பேசுவார். போனில் எழுத்தைப் படிக்கும் குரல் ஒன்று உண்டே, அதை அத்தைக்குப் போட்டுக் காட்டினாள். அத்தை முகத்தைச் சுளித்தார்.

"யாரு இந்தப் பொம்பளை? இவ எதுக்கு என் வீட்டுக்காரருக்காக என்கிட்ட தண்ணி கேக்கணும்?"

ஆக, அவர் குரலேதான் வேண்டும்.

பைதான் என்ற கணினி மொழியில் எழுதினாள். பெயரைக் கேட்டதும் மாஸ்டர், "மலைப்பாம்பா? வீட்டுக்குள்ள விட்றாதே தாயே, உங்க அத்தை மிதிச்சிடுவா" என்றார். எழுதியது நன்றாக ஓடியது, அவளுடைய அலுவலகக் கணினியில். மாஸ்டரிடம் இருந்ததோ டிரைவிங் ஸ்கூலின் பழைய லேப்டாப். சாலைக் குறியீடுகளைப் படம் போட்டுக் காட்டியதோடு அதன் வேலை முடிந்திருந்தது. நெட் கிடையாது. எதையும் இன்ஸ்டால் செய்ய பாஸ்வேர்டு கேட்டது, அதைப் போட்டவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள், கஷ்டமில்லை. இப்படி எழுதும் புரோகிராம் தனியாக ஓடாது. அதை வரி வரியாகப் படித்து ஓட்டிவைக்க இன்னொன்று அந்தக் கணினியில் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்துக்கு அனுப்ப வேண்டுமானால், ஓட்டுவதையும் ஓடுவதையும் சேர்த்துக் கட்டி ஒரே பொதியாக்கிவிடலாம். அதற்கு எக்ஸி என்று பெயர். மருமகள் இதை விளக்கியபோது மாஸ்டர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"புரியுது. கத்துக்குட்டி தனியா ஓட்டாது, அதனால மாஸ்டரையும் டிக்கியில போட்டுப் பூட்டி அனுப்புறே."

"அதேதான் மாமா."

"பாவம்டி அந்த மாஸ்டர்."

கட்டுவதற்கு அலுவலகத்தில் ஓர் ஆள் உதவினார். மௌஸைத் தொடவே மாட்டார். கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்தே எல்லா வேலையும் செய்வார். அதனால் அவர் பெயரே கமாண்டு அண்ணன்.

"ஃபோல்டரா கட்டப்போறியா, ஒரே ஃபைலாவா?"

"ஒரே ஃபைல் அண்ணா. ஃபோல்டர்னா உள்ள நிறைய இருக்கும். மாமா எதையாவது அழிச்சிட்டு, நான் தொடவே இல்லைம்பார்."

அவர் சொல்ல, அவள் அடித்தாள். ஒரே ஒரு வரி. எண்டரைத் தட்டியதும் திரையில் எழுத்து அருவி மாதிரி விழுந்தது. கடைசியில் முடிந்தது என்று ஒரு வரி நின்றது.

"வேற மெஷின்ல ஓட்டிப் பாரு" என்றார் கமாண்டு அண்ணன். "இங்க ஓடுறது பெரிசில்ல."

பார்த்தாள். பார்க்கவில்லை என்று யாரும் அவளைச் சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்து பழைய லேப்டாப்பில் திறந்தாள். "தண்ணி" பொத்தானில் மாமாவைப் பேசவைத்தாள். அமுக்கினாள். "தண்ணி" என்றது லேப்டாப், கம்மிய குரலில், ஆனால் அவர் குரலில். அத்தை கையை நீட்டி மேஜையைத் தடவினார். "இதுக்குள்ளயா இருக்கார்?" என்று கேட்டுச் சிரித்தார். மருமகளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"மாமா, பதிஞ்சு முடிச்சதும் ஒவ்வொரு தடவையும் மூடிடுங்க. மேல மூலையில பெருக்கல் குறி இருக்கு பாருங்க, அதை அமுக்கணும். அப்படியே விட்டா லேப்டாப் தொங்கிடும், பதிஞ்சது கெட்டுப்போயிடும்."

"வண்டிய நிறுத்தினா ஹேண்ட் பிரேக் போட்டு, சாவிய எடுக்கணும். எனக்கே பாடமா?"

தினமும் காலையில், மருமகள் வேலைக்குப் போன பிறகு, அவர் உட்கார்ந்து பேசினார். ஒரு நாளைக்கு ஒரு வரிசைப் பொத்தான்கள். அதற்கு மேல் தொண்டை விடாது. பேச்சு எதுவும் எழுதாத காலிப் பொத்தான்களும் விட்டிருந்தாள். அவற்றில் தனக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொள்ளட்டும் என்று. அவற்றில் அவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. அத்தையை அடுப்படிக்கு அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். "ரகசியமா?" என்று அத்தை வெளியிலிருந்து கேட்டால், "திட்டுறதெல்லாம் மொத்தமாப் போட்டு வைக்கிறேன், பின்னாடி உதவும்" என்பார். முந்தைய நாள் பதிந்ததை அவர் அமுக்கிக் கேட்டதில்லை. தன் குரல் கெட்டுக்கொண்டே வருவதைத் தானே கேட்க யாருக்குத்தான் மனம் வரும்? கடைசி வரிசையையும் முடித்தார். ஒழுங்காக மூடினார்.

ஆபரேஷன் நல்லபடி நடந்தது. கழுத்தில் துளையும், அதைச் சுற்றிக் கட்டுமாகக் கொண்டுவந்து வார்டில் படுக்கவைத்தார்கள். அவர் உட்காரத் தெம்பு வந்த அன்று மருமகள் லேப்டாப்பைக் கொண்டுபோனாள். அத்தை கட்டிலை ஒட்டி நாற்காலியில். மாஸ்டர் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "இங்கதான் இருக்கேன்" என்ற பொத்தானை அமுக்கினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

சத்தம் குறைவாக இருக்கிறது என்று நினைத்து ஏற்றினார். மறுபடி அமுக்கினார். அடுத்ததை, அதற்கடுத்ததை. பொத்தான் உள்ளே போய் வெளியே வந்தது.

"ஆரம்பிச்சாச்சா?" என்றார் அத்தை. "நான் தயார்."

மருமகள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். பக்கத்தில் இருக்க வேண்டிய பதிவுகள் எதுவும் பக்கத்தில் இல்லை. தாழ்வாரத்துக்கு ஓடி கமாண்டு அண்ணனைப் போனில் அழைத்தாள். அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"ஒரே ஃபைலாத்தானே கட்டினோம்?"

"ஆமா."

"அது ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் தற்காலிகமா ஒரு டெம்ப் ஃபோல்டர் போட்டு, தன்னை அங்க பிரிச்சு வெச்சுத்தான் ஓடும். நீ பக்கத்துல சேமின்னு எழுதியிருக்கே. அதுக்குப் பக்கம்னா அந்த ஃபோல்டர்தான். மூடினா அந்த ஃபோல்டரை அதுவே அழிச்சிடும்மா."

அவளுடைய கணினியில் அது வெறும் புரோகிராம். பக்கம் என்றால் பக்கம். கட்டிய பிறகு அதே சொல்லுக்கு வேறு இடம். திறந்திருக்கும்வரை எல்லாம் இருந்தது, அதனால்தான் அன்றைக்குத் "தண்ணி" கேட்டது. என்றாவது ஒருநாள் பேட்டரி தீர்ந்து லேப்டாப் பட்டென்று அணைந்திருந்தால்கூட, அந்த ஒரு நாளின் பேச்சாவது அழியாமல் கிடந்திருக்கும். ஒழுங்காக மூடியதுதான் எல்லாவற்றையும் துடைத்தது. மூடச் சொன்னவள் அவள்.

கமாண்டு அண்ணன் நேரில் வந்தார். அழிந்ததைத் தோண்டி எடுக்கும் வித்தையெல்லாம் போட்டுப் பார்த்தார். திறக்கும்போதெல்லாம் அது பழைய இடத்தின் மேலேயே புதிதாக எழுதியிருந்தது. கிடைத்தது வெறும் இரைச்சல். அவர் குரலுக்காக மகனின் கல்யாண வீடியோவைத் தேடி எடுத்தார்கள். அதில் மாஸ்டர் சாப்பிடுகிறார், சிரிக்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லை.

இருவருக்கும் அவள்தான் சொன்னாள். மாஸ்டர் அவள் தலையில் கையை வைத்தார். அத்தை கேட்டது ஒன்றே ஒன்று.

"மூடிட்டுத் திரும்பத் திறந்து பாக்கலையாம்மா?"

"இல்ல அத்தை."

அத்தை திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள்.

கப்பலிலிருந்து மகன் வழி சொன்னான். போனில் பேசினால் அப்பாவா மகனா என்று உறவுக்காரர்கள் குழம்புவார்கள். அப்படி ஒரு ஒற்றுமை. எல்லாப் பேச்சையும் அவன் பதிந்து அனுப்பினான். மருமகள் இந்த முறை குரல்களைப் பொதிக்கு உள்ளேயே வைத்துக் கட்டினாள். மூடினாள், திறந்தாள், லேப்டாப்பையே அணைத்துத் திறந்தாள். எல்லாம் பேசியது.

மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அத்தை கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் மேஜையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார்.

"இங்கதான் இருக்கேன்."

அத்தையின் கையிலிருந்த துணி விழுந்தது. முகம் வாசல் பக்கம் திரும்பியது, அப்படி ஒரு மலர்ச்சி.

"எப்படா வந்தே? சொல்லவே இல்லையே! கப்பல்லேருந்து நேராவா?"

கையை நீட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். வழியில் ஸ்டூல் இருந்தது. மாஸ்டர் பதறி அடுத்த பொத்தானை அமுக்கினார். "பாத்து வா" என்றது மகனின் குரல். "அம்மாவையே வா போங்கிறியாடா" என்று சிரித்தபடி அத்தை ஸ்டூலில் முழங்காலை இடித்துக்கொண்டு நின்றார். அந்த இடியில்தான் அவருக்குப் புரிந்தது.

மருமகள் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"அதை நிறுத்தச் சொல்லு" என்றார் அத்தை. குரல் மெல்லியதாக இருந்தது. "அவர் போயிட்டு, பையன் வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

அதன் பிறகு அந்த லேப்டாப்பை யாரும் அத்தையின் முன்னால் திறக்கவில்லை.

அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாற்காலிகளை ஒட்டிப் போட்டுக்கொள்வார்கள். அத்தையின் கை அவர் கைக்குள் இருக்கும். அத்தை கேட்பார், மாஸ்டர் அந்தக் கையை ஒருமுறை அமுக்கினால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. தண்ணி, சாப்பாடு, வலி எல்லாம் அதில் ஓடிவிடும். ஆனால் கேள்வி அத்தையிடமிருந்துதான் வர வேண்டும். அவருக்குச் சொல்லத் தோன்றி, அத்தைக்குக் கேட்கத் தோன்றாதது எதுவானாலும், அது அவருக்குள்ளேயே கிடந்தது.

ஒரு மாலை, வேலையிலிருந்து வந்த மருமகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இருவரும் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் ஏதோ சொல்ல நினைத்து அத்தையின் கையை உலுக்கியிருக்க வேண்டும்.

"தண்ணியா?" இரண்டு முறை. "மாத்திரையா?" இரண்டு முறை. "கழுத்துல வலியா? பையனைப் பத்தியா? என்னைப் பத்தியா?" கடைசிக் கேள்விக்கு ஒருமுறை அமுக்கினார். "நான் என்ன பண்ணினேன்? உப்பு அதிகமாயிடுச்சா? இல்லையா? கோவமா? அதுவும் இல்லையா? பின்ன என்னங்க?" அத்தை தனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே போனார். குரல் உடையத் தொடங்கியது. "எனக்குத் தெரியலையே. ஜன்னலை மூடணுமா?"

மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒருமுறை அமுக்கினார்.

"இதுக்கா இவ்வளவு பாடு" என்றார் அத்தை, மூச்சை விட்டு. எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு, மூடியே இருந்த ஜன்னலை மூடப் போனார்.