எண்பத்தேழாம் சேனல்

விருத்தாசலத்துல வாக்கிடாக்கி ரிப்பேர் பாக்குற கடை என்னுது. பீங்கான் பேட்டையைத் தாண்டி இருக்கிற களிமண் சுரங்கத்துக்கு என்னை வரச் சொன்ன மேனேஜர் ராஜ்மோகன், உக்காருங்கன்னு கூடச் சொல்லல. "வாக்கிடாக்கி செட்டு நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க லீமா மேடம். நாளைக்கு அந்த ஆளை வேலையை வுட்டு அனுப்பணும்"னாரு.

அந்த ஆளு பம்ப் ஷெட்டு கொளஞ்சிநாதன். போன வார மழையில பம்ப் நின்னு, பள்ளத்துல தண்ணி ஏறி, மண்ணு வெட்டுற மிஷினு முழுகிப்போச்சு. கண்ட்ரோல் ரூம்ல இருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் பதில் இல்லையாம். தூங்கிட்டான்ங்கறாரு மேனேஜர். செட்டுல சத்தமே வரலைங்கறாரு கொளஞ்சிநாதன். ஐம்பது வயசுக்கு மேல வேலை போச்சுன்னா எவன் சேத்துப்பான்?

எனக்கு நேத்துலேர்ந்து ஜுரம். கையெழுத்தைப் போட்டுட்டு வூட்டுக்குப் போயி படுத்திருக்கலாம். ஆனா முடிவை முதல்லயே பண்ணி வெச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். நேரா பம்ப் ஷெட்டுக்குப் போனேன்.

இந்த சிஸ்டத்துல ஒரு செட்டுக்கு ஒரு அலைவரிசைன்னு கிடையாது. கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் எது காலியோ அதைக் குடுக்கும். செட்டு சேனல் நம்பரை மட்டும்தான் காட்டும். கண்ட்ரோல் ரூமை விடாம கூப்பிடச் சொன்னேன். நல்லாத்தான் கேட்டுச்சு. திடீர்னு ஊமையாச்சு. மறுபடியும் கேட்டுச்சு, மறுபடியும் ஊமை. ஊமையாகும்போதெல்லாம் எண்பத்தேழு.

அது எந்த அலைவரிசைன்னு தெரிஞ்சாத்தான் குறுக்க யாரு பேசறாங்கன்னு பாக்க முடியும். ஆரம்பம் 350 மெகாஹெர்ட்ஸ், சேனலுக்குச் சேனல் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. எண்பத்தேழால பெருக்கிக் கூட்டினேன். 352.175. கையோட கொண்டுவந்த ரிசீவரை அதுல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ஈ, காக்கா சத்தம் இல்ல. தலை வேற வெடிச்சுது.

அப்புறம்தான் உறைச்சுது. எந்த செட்டு எந்தச் சேனல்ல பேசணும்னு சொல்லிக்கிட்டு ஓயாம ஓடுற கண்ட்ரோல் சேனலோட நம்பர் இருபத்தொண்ணு. அது ரிசீவர்ல 350.500ல கிடைக்குது. அப்படின்னா 350லேர்ந்து இருபது இடைவெளிதான். சனியன், ஆரம்பத்துல இருக்கிற 350ஐயே ஒண்ணாம் சேனல்னு எண்ணியிருக்கானுங்க. எண்பத்தேழுல ஒண்ணைக் கழிச்சேன். 352.150.

"லோடு வருது, கேட்டைத் தொற"ன்னு வாட்ச்மேன் குரல் காதைக் கிழிச்சுது. கேட்டுக்குன்னு மேனேஜரே ஆன்லைன்ல வாங்கிக் குடுத்த மலிவு செட்டு. அதுதான் எண்பத்தேழை அமுக்கியிருக்கு.

ரிப்போர்ட்டை எழுதி அவர் மேசையில வெச்சேன். படிச்சவரு மூஞ்சி சுருங்கிப்போச்சு. "சரி, அந்தாளு இருந்துட்டுப் போகட்டும்"னாரு.

கொளஞ்சிநாதன்கிட்ட நானே போய்ச் சொன்னேன். அவரு சந்தோஷப்படல. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு.

"மேடம், அன்னிக்குக் கேட்டுச்சுங்க"ன்னாரு. "செட்டு கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. கனவுன்னு நெனச்சிட்டேன். மாத்தி வுட ஆளு வரல. தொடர்ந்தாப்புல மூணாவது ஷிஃப்டு."

எனக்குக் கோவம் வந்துச்சு. ஜுரத்தோட வெயில்ல உக்காந்து இந்தாளுக்காகக் கணக்குப் போட்டிருக்கேன். "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல அண்ணே?"ன்னேன்.

"சொன்னா வெச்சிருப்பாங்களா?"

ஆபீசுக்குத் திரும்பிப் போயி, ரிப்போர்ட்டை வாங்கி, அடியில ஒரு வரி சேத்தேன். பம்ப் ஷெட்டுல ஷிஃப்டுக்கு ரெண்டு பேரு இருக்கணும்.

"கேட்டு செட்டை எடுத்துட்டா சரியாயிடும்ல?"ன்னாரு மேனேஜர்.

"ஆகாது சார். மூணு ஷிஃப்டு நிக்கிற மனுஷன் காதுல எந்தச் சேனலும் வுழாது."

அவரு நிமிந்து என்னைப் பாத்தாரு. மாத்தி வுட ஆளு அனுப்பாதது யாருன்னு அவருக்கா தெரியாது? அந்த வரிக்குக் கீழ கையெழுத்துப் போட்டாரு.

நான் கெளம்பும்போது பம்ப் ஷெட்டுல இன்னொருத்தன் செட்டோட உக்காந்திருந்தான். கொளஞ்சிநாதன் சாக்கு மேல தூங்கிக்கிட்டிருந்தாரு. போயிட்டு வரேன்னு சொல்லத்தான் போனேன். எழுப்பல.