எடில்சன் பெயரில் நான்கு பேட்ஜ்கள்

மனிசாலெஸ் நகரில் அன்று பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் கடைசி நாள். நொஹேலியா கைப்பேசியை சேர்க்கை அதிகாரி ரோசால்பாவின் மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். காப்பிக்கொட்டையைத் தரம் பிரிப்பது, வறுப்பது, அரைப்பது, சுவை பார்த்துச் சொல்வது என்று இணையத்தில் படித்துத் தேர்ச்சிச் சான்றாக வாங்கிய நான்கு டிஜிட்டல் பேட்ஜ்கள் அதில் இருந்தன. அவை செல்லுபடியானால் பட்டப்படிப்பின் இரண்டாம் பருவத்தில் நேராகச் சேரலாம். இல்லையென்றால் இந்த ஆண்டு இடமே இல்லை.

ரோசால்பாவின் புருவம் உயர்ந்தது. "எடில்சன் யாரு?"

"என் வீட்டுக்காரர், டாக்டரம்மா. இதோ உக்காந்திருக்காரே." அந்த ஊரில் அதிகாரிகளை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்.

"நாலு பேட்ஜும் அவர் பேர்லதான் இருக்கு."

நொஹேலியா குனிந்து திரையைப் பார்த்தாள். வீட்டுக்கு ஒரே மின்னஞ்சல்தான். வங்கிக் கடிதம், மின்கட்டணம், மகளின் பள்ளிச் சேதி எல்லாம் எடில்சன் பெயரில் திறந்த அதில்தான் வரும். பாடத்துக்கும் அதையே கொடுத்திருந்தாள். பேட்ஜ் வந்த மகிழ்ச்சியில் பெயரை யார் பார்த்தார்கள்?

"உனக்குமா தெரியல?" என்று கணவன் பக்கம் திரும்பினாள்.

எடில்சன் தலையைச் சொறிந்தான். "நான் வேலை பாக்குற பஸ் டிப்போல பேட்ஜைக் காட்டினேன், எல்லாரும் கைகொடுத்தாங்க. பொண்டாட்டி பாஸானதுக்கு வாழ்த்துறாங்கன்னு நெனச்சேன்."

"இவருக்குக் காப்பிக்கும் பாத்திரம் கழுவின தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாது, டாக்டரம்மா!"

"அதை நான் எப்படி நம்புறது?" ரோசால்பா சிரிக்கவில்லை.

நொஹேலியா தயங்கவில்லை. "பேட்ஜைத் தொட்டா உள்ளே செஞ்ச வேலையோட வீடியோ இருக்கும். பேர் மாறிப் போகலாம், வேலை மாறாது. பாருங்க."

திரையில் சமையலறை. வரிசையாக ஐந்து கோப்பைகள். நொஹேலியா கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சினாள். "மூணாவது சரியில்ல. கொட்டையை அதிக நேரம் ஊற விட்டிருக்காங்க, புளிச்சிருக்கு" என்றாள். உடனே பின்னாலிருந்து ஓர் ஆண்குரல்: "ஏய், என் நீலச் சட்டை எங்கே? என்னடி இது, மாடு தொட்டித் தண்ணி குடிக்கிற மாதிரி உறியுற!"

எடில்சனின் காது சிவந்தது. ரோசால்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"எல்லா வீடியோலயும் நீங்க கத்துறீங்களா?"

"மூணுலதான், டாக்டரம்மா. நாலாவதுல நாய்."

நான்கையும் பார்த்து, அடையாள அட்டையிலிருந்த முகத்தோடு ஒப்பிட்டபின் பாடம் நடத்தியவர்களுக்கு ரோசால்பா எழுதினார். "உங்க பேர்ல புதுசா கேட்டிருக்கேன். முதல்ல உங்களுக்குன்னு ஒரு மின்னஞ்சல் திறங்க."

"குடு, நான் திறக்கிறேன்" என்று எடில்சன் கை நீட்டினான்.

"கையை எடு." அவளே தட்டினாள்.

ஐந்து மணிக்குள் நான்கும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகே சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட்டாள்.

"டிப்போல நான் என்ன சொல்றது?" படியிறங்கும்போது எடில்சன் கேட்டான்.

"படிச்சது என் பொண்டாட்டின்னு சொல்லு. செவ்வாய், வியாழன் சாயங்காலம் எனக்கு வகுப்பு. அரேப்பா ரொட்டி சுடக் கத்துக்கோ."

"கத்துக்கிறேன். அதுக்குப் பேட்ஜ் உண்டா?"

"மொதல்ல கருகாம சுடு" என்று அவன் கையைக் கோத்துக்கொண்டாள்.