அம்மா பேசாத பேச்சு

ஐஸ் பெட்டியின் ப்ளக் மறுபடியும் நழுவியிருந்தது. மெர்லின் அதை உள்ளே அழுத்தி, காலண்டர் தாளை மடித்து ஓரத்தில் சொருகினாள். பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. உள்ளே கையில் ஜெபமாலையோடு அம்மா படுத்திருந்தாள். அந்த அறைக்கே அது ஒன்றுதான் ப்ளக் பாயிண்ட். அதை மாற்றச் சொல்லி அம்மா இருதயம்மாள் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள். யார் காதில் விழுந்தது? இப்போது அதன் தயவில்தான் கிடக்கிறாள்.

சாயங்காலம் கோயிலுக்கு எடுக்க வேண்டும். சந்தில் பந்தல் போட்டு நாற்காலி பரப்பியிருந்தது. மெர்லின் பின்பக்கம் போய், ஃபாதரிடம் போனில் நேரத்தை உறுதி செய்துவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கேன் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் முன்னறையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"என் அன்பு மகன் நோயலே…"

யார் இவள், சாவு வீட்டில் செய்தி வாசிக்கிறாள் என்று எட்டிப் பார்த்தாள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு ஒரு பெரிய டிவி. பக்கத்தில் தம்பி நோயலும், தண்டையார்பேட்டையில் எடிட்டிங் கடை வைத்திருக்கும் அவன் தோஸ்து ஃபர்ஹானும். டிவியில் அம்மா. ரேஷன் கார்டுக்கு எடுத்த அதே படம்தான், ஆனால் உதடு அசைந்தது. கண் சிமிட்டியது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"நடந்ததை எல்லாம் நான் மறந்துவிட்டேன், மகனே. உன்னை மனதார மன்னித்துவிட்டேன்."

வாசலில் நின்ற பெண்கள் ஓவென்று அழுதார்கள். எதிர்வீட்டுப் பூவம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "இருதயக்கா பேசுது பாருங்கடி! பெத்த மன்சு, மன்னிச்சிட்ச்சி பாருங்கடி!" இத்தனை வருஷம் அம்மாவோடு காசிமேட்டில் மீன் விற்றவள் அவள். மெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில் பக்கத்தில் இருக்க வேண்டியவன் நோயல். வியாசர்பாடியில் ஃபுட்பால் ஃபைனல் என்று போய்விட்டான். திரும்பி வந்தபோது கட்டில் காலி. அதோடு அம்மா அவனிடம் பேச்சை நிறுத்தினாள். வீட்டுக்கு வந்தால் சோறு போடுவாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "அவன மீன போட்டுகினு துன்ன சொல்லு" என்பாள் மெர்லினிடம். அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். நடுவில் மெர்லின் தபால்காரி. இது ராயபுரத்தில் அந்தச் சந்துக்கே தெரியும்.

இன்று காலையில் அவன் வந்து, "அம்மா கொரலு போன்ல எதுனா வச்சிகிறியாக்கா? கேக்கணும் போல கீது" என்றபோது அவளுக்குப் பாவமாக இருந்தது. வாட்ஸப்பில் அம்மா எப்போதோ பேசி அனுப்பியதை அவனுக்குத் தள்ளிவிட்டாள். வரும்போது எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொல்லி, மறந்தால் வீட்டுக்கே வராதே என்று முடியும் திட்டு அது. அந்தத் திட்டிலிருந்துதான் இந்த மன்னிப்பைக் கறந்திருக்கிறார்கள்.

"இன்னாடா இது?"

நோயல் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஃபர்ஹான்தான் சொன்னான். "கம்ப்யூட்டர்ல பண்ணதுக்கா. நோயலு எய்தி குட்த்தான், அது பேசிச்சி. கொரலு ரொம்ப கரகரன்னு கீதேன்னு க்ளீன் பண்ட்டேன்."

"இன்னாத்த க்ளீன் பண்ண? மீனு வெல கத்தி கத்தி ஒட்ஞ்ச கொரலுடா. அந்த கரகரப்புதான்டா எங்கம்மா. அது என்னிக்குடா 'மகனே'ன்னு பேசிச்சி?"

ஃபர்ஹான் தலையைச் சொறிந்தான். "நம்ம பேச்சுல சொல்ல வெச்சி பாத்தேன்க்கா. காமெடி மாறி வந்திச்சி. கம்ப்யூட்டருக்கு அது வரமாட்டேங்குது."

அப்போதுதான் மெர்லின் கண்ணாடியைப் பார்த்தாள். மூடியின் உள்பக்கம் வேர்த்து, துளி துளியாக அம்மாவின் வெள்ளைப் புடவைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. உறுமல் சத்தம் இல்லை. காலண்டர் தாள் தரையில் கிடந்தது. சுவரில் டிவியின் ப்ளக்.

"அடப்பாவி! அம்மா பொட்டிய நிறுத்திட்டாடா அம்மாவ பேச வெக்கிற?"

"ஒரு நிமிசம்க்கா." நோயல் சுவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். "முடியப் போவுது. கேட்டுக்கட்டும் எல்லாரும். காலைலேந்து ஒருத்தன் என் மூஞ்சிய பாக்கல. சவப்பொட்டிய தூக்கறதுக்கு கூட என்ன கூப்டாம பேசிகினு கீறானுங்க."

"அதுக்கு? மன்னிச்சாளா இல்லியான்னு அவதான்டா சொல்லணும். நீ எய்தி குட்த்து சொல்ல வெப்பியா? வாயத் தொறந்து இல்லன்னு சொல்ல முடியாதுன்னுதான?"

அவனைத் தள்ளிவிட்டு டிவி ப்ளக்கைப் பிடுங்கினாள். மகனுக்கு ஆசீர்வாதம் சொல்ல ஆரம்பித்த பெண் பாதியிலேயே காணாமல் போனாள். வாசலில் அழுகை தடுமாறி நின்றது. மெர்லின் ஐஸ் பெட்டியின் ப்ளக்கைத் திணித்தாள். பிடித்துக்கொண்டிருந்தால் ஓடியது, விட்டால் நின்றது. அம்மாடி, இது ஒன்றாவது ஒழுங்காக இருக்கக் கூடாதா!

ஃபர்ஹான் டிவியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனான்.

"சரி, நீ சொல்லு." நோயலின் குரல் இறங்கியிருந்தது. "நீதான கூட இர்ந்த. கடசியா என்ன பத்தி எதுனா சொல்ச்சா?"

ஒரு பொய் போதும். கம்ப்யூட்டரைவிட அவள் நன்றாகவே சொல்வாள். அம்மாவின் பேச்சு அவளுக்கு அத்துப்படி. கரகரப்போடு, வசவோடு, கேட்டவன் காலில் விழும்படி சொல்லலாம். பிணத்துக்குத் தெரியவா போகிறது? வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அவன்மேல் ஆத்திரம். அதைவிட அம்மாமேல் ஆத்திரம். நேருக்கு நேர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

"இல்லடா," என்றாள். "ஒன்னியும் சொல்லல."

நோயல் தலையை ஆட்டினான். பிறகு சுவரோரம் உட்கார்ந்து, அவள் கையை விலக்கிவிட்டு, ப்ளக்கைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பெட்டி நிற்காமல் ஓடியது. மெர்லின் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். உள்பக்கத்து வேர்வை வெளியே துடைத்தால் போகுமா? ஆனாலும் துடைத்தாள்.

பூவம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு டீத் தட்டோடு வந்தாள். மெர்லின் தனக்கு வேண்டாம் என்று கை காட்டினாள். தம்பியின் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவன டீ குடிக்க சொல்லு அத்தே."

பூவம்மா ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு, டம்ளரை அவன் பக்கம் நீட்டினாள். வலது கையை ப்ளக்கிலிருந்து எடுக்காமல், நோயல் அதை இடது கையால் வாங்கிக்கொண்டான்.