முதலாளிக்கு இரண்டாவது மருந்து

முதலாளி நேற்று மாலையிலிருந்து எதையும் வாயில் வைக்கவில்லை. மனிதர் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் கோபம் என்று சொல்லலாம், டயட் என்று சொல்லலாம். முயல் சாப்பிடாவிட்டால் அப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. குடல் நின்றுபோகும், அப்புறம் முயலும் நின்றுபோகும். இது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். காலையில் கூண்டைப் பார்த்தபோது வைத்த புல் வைத்தபடி இருந்தது. புழுக்கை ஒன்றுகூட இல்லை.

முதலாளி என்பது அந்த வீட்டு முயலின் பெயர். முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, மோவாயைத் தூக்கி, சம்பளம் கொடுக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் தட்டை வைக்கலாம், எடுக்கலாம், துடைக்கலாம், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். தங்கை வைத்த பெயர். மரியாதையும் சேர்ந்தே வந்துவிட்டது. இரண்டு பேரும் "அவர், இவர்" என்றுதான் சொல்வார்கள். அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், தங்கையின் கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். முதலாவது துக்கம், இரண்டாவது நிம்மதி. அதற்குப் பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் "அவர்" என்று சொல்ல மிச்சம் இருந்தவர் இவர் ஒருவர்தான்.

அவருக்குப் பின்னங்கால் மூட்டு தேய்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இடுப்பும் சேர்ந்து போயிற்று. ஆயுள் முழுக்க வலி மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன அன்று, தங்கை டாக்டரிடமே கேட்டாள். "இவ்ளோ வலியோட இவர் இருக்கணுமா டாக்டர்? நிம்மதியா அனுப்பிடலாமா?" கேள்விதான் கேட்டாள். டாக்டரும் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, மருந்து கொடுத்தால் நன்றாக இருப்பார், அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை என்றார். அத்தோடு முடிந்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அக்கா செருப்பைக் கழற்றாமலே, "கொலைகாரி" என்றாள்.

அன்றோடு பேச்சு நின்றது.

ஒரே வீட்டில் பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். "முதலாளி, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடுங்க" என்பாள் தங்கை. "தெரியும்னு சொல்லுங்க முதலாளி" என்பாள் அக்கா. நடுவில் உட்கார்ந்து முதலாளி காதை ஆட்டுவார். மருந்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு போதாது. தங்கைக்கு பேக்கரியில் மாவு நிறுக்கிற வேலை. விடிவதற்கு முன் போய் மதியம் கழிந்து வந்துவிடுவாள். அக்கா தையல் ஆலையில் செக்கர், இருட்டிய பிறகுதான் வருவாள். அதனால் கூண்டுக் கம்பியில் ஒரு துணி கிளிப்பை மாட்டினார்கள். இடப்பக்கம் இருந்தால் இன்னும் கொடுக்கவில்லை, வலப்பக்கம் இருந்தால் கொடுத்தாயிற்று. சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் தங்கை மருந்து கொடுத்துவிட்டு கிளிப்பை வலப்பக்கம் மாற்றுவாள். டாக்டர் சொன்னபடி ஒரு நாளைக்கு ஒரே வேளை. மாவைக் கிராம் பிசகாமல் நிறுக்கிற கை, ஊசியில்லாத சின்னச் சிரிஞ்சில் கோடு பார்த்து இழுப்பதா கஷ்டம்?

ஆனால் அக்காவின் பிழைப்பு வேறு மாதிரி. ஒருத்தி பார்த்து "சரி" என்று சீட்டு ஒட்டி அனுப்பிய சட்டையை மறுபடி வாங்கி, பொத்தானை இழுத்துப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். சீட்டை நம்பினால் வேலை போய்விடும். அந்தப் புத்தி ஆலை வாசலோடு நிற்காமல் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கிளிப் வலப்பக்கம் இருக்கும். அக்கா அதைப் பார்ப்பாள். கிளிப்பை மாற்றுவதற்கு மருந்து கொடுத்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம் என்று நினைப்பாள். அனுப்பிவிடலாமா என்று கேட்டவள்தானே.

முதலாளியும் அதற்குத் தோதாக நடந்துகொண்டார். மருந்து தேன் மாதிரி இனிக்கும். சிரிஞ்சைக் கண்டால் போதும், வராத காலையும் இழுத்துக்கொண்டு ஓடி வருவார், கம்பியில் மூக்கை வைத்து நிற்பார். ஏற்கெனவே குடித்திருந்தால் இப்படி ஓடி வருவாரா என்று அக்கா தன்னையே கேட்டுக்கொள்வாள். ஓடி வருவார். இனிப்பை எத்தனை தடவை நீட்டினாலும் ஓடித்தான் வருவார். ஆனால் நாள் முழுக்கச் சட்டைகளைச் சந்தேகப்பட்டுவிட்டு வருகிற ஒருத்தியை நோக்கி இந்த உலகத்தில் ஓடி வருவது அவர் ஒருவர்தான். அவள் கொடுத்தாள். தங்கை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகிற நேரமாகப் பார்த்து, தினமும் கொடுத்தாள்.

வீட்டுப் பாட்டிலில் குறைந்தால் தெரிந்துவிடும் என்று தனியாக ஒரு பாட்டில் வாங்கி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். டாக்டரிடம் வாங்கவில்லை. பழைய சீட்டைக் காட்டி, பிராணிகள் சாமான் விற்கிற கடையில் வாங்கினாள். மருந்தின் பெயரை மூன்று தடவை சரிபார்த்தாள். அதே பெயர், அதே மஞ்சள் நிறம்.

இப்போது அவர் கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தார். கிட்டப் போனால் வலியில் பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் கேட்டது. அக்கா ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, கூடையில் துண்டை விரித்து அவரைத் தூக்கி வைத்துக்கொண்டு டாக்ஸி பிடித்தாள். பேக்கரி வழியில்தான். இறங்கி, கூடையோடு பின்வாசலில் போய் நின்றாள். தங்கை ஏப்ரனில் மாவோடு வெளியே வந்தாள்.

அக்கா கூடையைப் பார்த்தபடியே, "முதலாளி, உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க" என்றாள்.

இதற்குப் பிறகும் இந்தப் பிடிவாதம் தேவையா என்று நமக்குத் தோன்றுகிறது. அவளுக்கும் தோன்றியது. வேறு விதமாகப் பேச வாய் வரவில்லை. தங்கை ஏப்ரனைக் கழற்றிக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, கைகூடக் கழுவாமல் டாக்ஸியில் ஏறினாள்.

டாக்டர் நிதானமான பெண்மணி. முதலாளியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், எடை போட்டார். "உடம்புல தண்ணியே இல்ல. எடையும் நல்லா இறங்கியிருக்கு. கடைசியா ரத்தம் எப்போ பார்த்தோம்?"

நீண்ட நாள் இந்த மருந்து கொடுக்கிற முயலுக்குச் சில மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்தே ஆக வேண்டும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அக்கா அழைத்துப் போயிருப்பாள் என்று தங்கை இருந்தாள், தங்கை போயிருப்பாள் என்று அக்கா இருந்தாள். முதலாளி மூலமாகக்கூட இதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ரத்தம் எடுத்து உள்ளே மெஷினில் வைத்தார்கள். முடிவு வரும் வரை தங்கை அவர் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தாள். டாக்டர் கையில் தாளோடு திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"சிறுநீரகம் ரொம்ப மோசமா இருக்கு. இப்போதைக்கு அந்த மருந்தை நிறுத்திடுறேன். ட்ரிப் ஏத்தி, வலிக்கு வேற வகை ஊசி போடுறேன். ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். மருந்து யார் கொடுக்கிறது?"

"நான்தான் டாக்டர்" என்றாள் தங்கை. "சாயங்காலம், சாப்பாட்டுக்கு அப்புறம். நீங்க காட்டின கோடு வரைக்கும்."

"அந்த அளவுக்கு இவ்ளோ சீக்கிரம் இப்படி ஆகக்கூடாது. வெறும் வயசுன்னா, கொஞ்சம் தேறினதும் குறைஞ்ச அளவுல மறுபடி ஆரம்பிச்சுப் பார்க்கலாம். அளவு கூடிப்போனதாலன்னா அந்த மருந்தை இனிமே தொடவே கூடாது. அதனால கேக்குறேன். கூடுதலா போயிருக்க வாய்ப்பு இருக்கா?"

தங்கை தன் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் மாவு காய்ந்திருந்தது. "என் கண்ணு இப்போ முன்ன மாதிரி இல்ல டாக்டர். சிரிஞ்சுல கோடு பொடிசா இருக்கும். தப்பா இழுத்திருப்பேன் போல." "நான்தான் எதையோ பண்ணிட்டேன்."

அக்கா சுவரோரம் நின்றிருந்தாள். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பழியைத் தங்கை தானாகவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டுவிட்டாள். ஒரு வருடமாக எந்த வார்த்தையைச் சொல்லி ஒதுக்கி வைத்தோமோ, அது இப்போது நிஜமாகிவிட்டது என்று காட்டிக்கொள்ளலாம். அந்த நினைப்பு வந்தது என்பதுதான் உண்மை. வந்த மறுகணம் அவளுக்குத் தன்மேலேயே குமட்டியது. மேஜையில் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு நாள் கோடு தப்பியது என்று நினைத்து டாக்டர் வைத்தியம் பார்ப்பார், தினமும் இரண்டு வேளை போனது அவருக்குத் தெரியவே தெரியாது.

அக்கா கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அது சாய்ந்து உருண்டது. தங்கைதான் பிடித்தாள்.

"அவ சரியாத்தான் கொடுத்தா டாக்டர். நான் வந்து திரும்பக் கொடுத்தேன்."

டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். "இது பெரிய நாய்க்குக் கொடுக்கிறது. பேர் ஒண்ணுதான், ஆனா நான் கொடுத்ததை விட மூணு மடங்கு வீரியம். நீங்களும் அதே கோடு வரைக்கும்தான் கொடுத்தீங்களா?"

"அதே கோடுதான்."

சட்டைக்குள் தைத்திருக்கிற அளவுச் சீட்டைத் தூரத்திலிருந்தே படிக்கிறவள், இந்தப் பாட்டிலில் பெயருக்குக் கீழே இருந்த எண்ணைப் படிக்கவில்லை. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

தங்கை அக்காவை நேராகப் பார்த்தாள். "எப்போலேருந்து?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

"கிளிப்பு வலப்பக்கம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தினமுமா?"

"தினமும்."

தங்கை பாட்டிலை டாக்டர் பக்கம் நகர்த்திவிட்டு, முதலாளியின் காலில் ட்ரிப் ஊசி ஏற்றுவதற்குத் தோதாக அவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவரை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். வீடு வெறிச்சென்று இருந்தது. இரண்டு பேரும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட நடுவில் ஆள் இல்லை. அக்கா நாலைந்து தடவை வாயெடுத்தாள். மன்னிச்சிடு என்பது இத்தனை பெரிய காரியத்துக்கு எப்படிப் போதும் என்று நினைத்தாள், விழுங்கிக்கொண்டாள். தங்கை எழுந்து விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முதலாளி துண்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அக்காவின் மணம் தெரிந்து தலையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. டாக்டர் எதையும் மூடி மறைக்கவில்லை. சிறுநீரகம் துளிகூட மீளவில்லை. மூட்டு வலிக்கு இருந்த நல்ல மருந்தை இனி கொடுக்க முடியாது. வேறு வகை ஊசி இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

"ட்ரிப்புல இன்னும் சில நாள் வச்சிருக்கலாம். வலியோடதான் இருப்பார். இல்லன்னா இப்போவே ஒரு ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடலாம். நீங்கதான் சொல்லணும்."

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். "நீ சொல்லு" என்றாள். ஒரு வருடத்தில் முதலாளி வழியாக இல்லாமல் அவள் தங்கையிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கெஞ்சல் மாதிரி வந்தது. "அன்னைக்கு நீ கேட்டியே, இன்னைக்கும் நீயே சொல்லிடு."

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் தங்கை. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "இந்த ஒரு தடவை நீதான் சொல்லணும் அக்கா. நீ எதைச் சொன்னாலும் சரி, நான் உன்னை அந்த வார்த்தை சொல்ல மாட்டேன்."

அக்கா குனிந்து முதலாளியின் நெற்றியில் கன்னத்தை வைத்தாள். பல்லைக் கடிக்கிற அதிர்வு அவள் தாடைவரை வந்தது. இழுத்துப் பார்க்கவோ, மறுபடி சோதித்துப் பார்க்கவோ எதுவுமே இல்லை. வலி இருந்தது, அதைத் தீர்க்கிற மருந்தை அவளே தீர்த்துவிட்டிருந்தாள்.

"அனுப்பிடுங்க டாக்டர்" என்றாள்.

வாய் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. டாக்டர் முன்னால் சாய்ந்து, "என்ன சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அக்கா நிமிர்ந்து, இன்னொரு தடவை சொன்னாள்.