தோண்டிப் பார்த்தேன்

அலுவலகத்தில் அவனை எல்லோரும் அரைமார்க் என்றுதான் கூப்பிடுவார்கள். மலையேறுகிறவர்களும் காட்டில் கூடாரம் போடுகிறவர்களும் வாங்கிப் படிக்கிற ஒரு மாதப் பத்திரிகையில், பொருள்களைச் சோதித்து மதிப்பெண் போடுவது அவன் வேலை. கூடாரமோ கயிறோ கைவிளக்கோ, எது வந்தாலும் பத்துக்கு எத்தனை என்று சொல்லிவிட வேண்டும். எதிலும் ஒரு அரை மதிப்பெண்ணையாவது வெட்டாமல் அவன் விட்டதில்லை. அலுவலகத்தில் தேநீர் கொண்டுவருகிறவரிடம்கூட, "இன்னைக்கு ஆறரைதான்" என்பான். ஆள் படு கறார் என்று வாசகர்கள் நம்பினார்கள். அவனும் அப்படியே நம்பினான். வம்பே அதில்தான்.

அவனுடைய மதிப்புரைப் பக்கத்துக்கு ஒரு நடையைக் கொடுத்தவள் அவன் அக்கா. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. ஏழு வருடங்களுக்கு முன்னால் அவன் எழுதிய முதல் மதிப்புரையைக் கையில் சிவப்புப் பேனாவோடு படித்தாள். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"கட்டினேன், நனைச்சேன்னு ஏன்டா மொட்டையா எழுதற? கட்டிப் பார்த்தேன், நனைச்சுப் பார்த்தேன்னு எழுது. ஒரு வேலையைச் செஞ்சு, அது என்ன ஆகுதுன்னு கூடவே நின்னு கவனிச்சவன்தான் 'பார்த்தேன்'னு முடிக்க முடியும். படிக்கிறவனுக்கு அங்கதான் நம்பிக்கை வரும்."

அன்றிலிருந்து அதுவே அவன் முத்திரை ஆகிவிட்டது. கூடாரத்தில் படுத்துப் பார்த்தான், கயிற்றில் தொங்கிப் பார்த்தான், கைவிளக்கைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தான். மாதாமாதம் அந்தப் பக்கத்தை அக்கா வெட்டி எடுத்து, தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைப்பாள். பழையதைக் கழற்றி ஒரு கோப்பில் சேர்ப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அதைக் காட்டாமல் அனுப்பமாட்டாள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மடக்கு மண்வெட்டி வந்து சேர்ந்தது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில், 'இருபத்திரண்டு வேலைகள், ஒரே கருவி' என்று போட்டிருந்தது. பிரித்தால் மண்வெட்டி, பாதி மடக்கினால் களைக்கொத்து, ஒரு பக்கம் ரம்பம், மறுபக்கம் கோடாலி. கைப்பிடியைத் திருகினால் உள்ளேயிருந்து கத்தி, தீக்கல், திசைகாட்டி, விசில், ஆணி பிடுங்கி, மீன் செதில் சுரண்டி என்று ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தன. காட்டில் வழி தவறியவன் ஒரு குடும்பமே நடத்தலாம் போலிருந்தது. தகட்டையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்திருந்தது ஒரே ஒரு கழுத்து வளையம். அதைத் திருகி இறுக்கினால்தான் தகடு நிமிர்ந்து நிற்கும்.

தோண்டுகிற கருவி எது வந்தாலும் ஊருக்கு வெளியே இருக்கிற பழைய கல்குவாரிக்கு எடுத்துப் போய், மணல், களிமண், சரளை மூன்றிலும் தோண்ட வேண்டும் என்பது அவனே போட்ட விதி. அந்த வாரம் நாலு நாளாக மழை. ஐந்தாம் நாள் மதியத்துக்குள் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். முழங்கால் வேறு லேசாக வலித்தது, அல்லது வலிப்பதாக அவன் முடிவு செய்துகொண்டான். வீட்டுப் பால்கனியில் நின்று மண்வெட்டியைப் பிரித்தான், வளையத்தை இறுக்கினான், காற்றில் நாலு வீசு வீசினான். கெட்டியாகத்தான் இருந்தது. பிறகு அக்கா மண் கலந்து கொடுத்திருந்த பூந்தொட்டியிலிருந்து ஒரு கரண்டி ஈரமண்ணை அள்ளித் தகட்டில் அப்பி, இரண்டு விரலால் பரப்பி, கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்தான். படம் பிரமாதமாக வந்தது.

பிறகு உட்கார்ந்து எழுதினான்: 'சரளை மண்ணில் அரை மணி நேரம் தோண்டிப் பார்த்தேன். கழுத்து வளையம் இம்மியும் அசையவில்லை.' ஒன்பதரை மதிப்பெண். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிட்டான். பின்னாளில் அவனை அதிகம் உறுத்தியதே அந்தச் சாப்பாடு ருசித்ததுதான்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு முதலில் ஓடிப்போய் அந்த மண்வெட்டியை வாங்கியவர் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிறவர். கடுகளவுத் திருகாணிகளை ஊசிமுனைத் திருப்புளியால் முடுக்கி முடுக்கியே இருபது வருடத்தை ஓட்டியவர். விடுமுறையில் நண்பர்களோடு காட்டுப்பக்கம் போய்க் கூடாரம் அடிப்பது அவருக்கு இருந்த ஒரே ஆசை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போன முறை மண்பாதையில் வண்டிச் சக்கரம் புதைந்தது. மாமா இறங்கி, "என் மச்சான் ஒன்பதரை போட்ட சாமான் இது" என்று நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொண்டு, சக்கரத்தடியில் குத்தியிருக்கிறார். வளையம் நழுவித் தகடு மடங்கியது. ரம்பப் பக்கம் வலது கையின் இரண்டு விரல்களில் இறங்கிவிட்டது.

தையல் போட்டார்கள். நடுவிரல் பிழைத்தது. ஆள்காட்டி விரலின் நரம்பு அறுந்திருந்ததால் அது இனிமேல் முழுதாக மடங்காது என்றார் டாக்டர். திருப்புளி பிடிக்கிற விரல் அது. கடையில் அவரைப் பட்டறையிலிருந்து எடுத்து முன்பக்கம் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களிடம் சுவரில் இருக்கிற எழுத்துகளைக் காட்டி, "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்கிற வேலை.

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் வைத்தே அக்கா அவரை வெளுத்து வாங்கினாள். "என் தம்பி அரை மணி நேரம் சரளையில தோண்டிப் பார்த்திருக்கான். அவனுக்கு அசையாதது உங்களுக்கு மட்டும் எப்படிங்க அசையும்? வளையத்தைச் சரியா இறுக்காம விட்டிருப்பீங்க."

மாமா கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார். "இருக்கும். அவசரத்துல மறந்திருப்பேன்" என்றார்.

அரைமார்க்குக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. திருகாணியே பிழைப்பாக இருக்கிறவர் ஒரு திருகை இறுக்க மறந்தாராம். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை அவன் தண்ணீரோடு விழுங்கினான். 'ஒருவேளை நிஜமாகவே மறந்திருக்கலாம்' என்று தனக்குத்தானே ஒரு பொய்யான சமாதானமும் சொல்லிக்கொண்டான். மனுஷன் தப்பிக்க நினைத்துவிட்டால் எந்தச் சந்து பொந்திலும் நுழைவான்.

அந்தச் சந்தும் ஒரு வாரத்தில் அடைபட்டது. மனசு கேட்காமல், அலுவலகத்துக்கு வந்த அதே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு காலை கல்குவாரிக்குப் போனான். வெயில் நன்றாக அடித்தது. வளையத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். சரளையில் குத்தினான். ஒவ்வொரு குத்துக்கும் வளையம் ஒரு நூலளவு பின்னால் திரும்புவது கண்ணுக்கே தெரிந்தது. ஏழாவது குத்தில் தகடு மடங்கி, அவன் விரலுக்குக் கொஞ்சம் தள்ளி வந்து விழுந்தது. மறுபடி இறுக்கினான், ஒன்பதாவது குத்து. குறடு போட்டு முடுக்கினான், ஆறாவது குத்து. ரம்பம் குச்சியை அறுத்தது, தீக்கல் பொறி விட்டது, திசைகாட்டி வடக்கைச் சரியாகவே காட்டியது, விசிலும் நன்றாக ஊதியது. இருபத்திரண்டு வேலையில் மண்ணைத் தோண்டுவது மட்டும்தான் அதற்கு வரவில்லை. மொத்தம் பத்து நிமிடம் ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை அன்றைக்கே செலவழித்திருந்தால் மாமாவின் விரல் பிழைத்திருக்கும்.

சொல்லிவிடுவது என்று அன்றே முடிவு செய்தான். முடிவு செய்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கடத்தினான். மூன்றாவது ஞாயிறு மாலை அக்கா வீட்டுக்குப் போனபோது, அவள் மாமாவுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே, "ஒரு வளையத்தை இறுக்கத் தெரியல, இப்ப பொத்தானும் நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் மோவாயைத் தூக்கிக்கொண்டு சமர்த்தாக நின்றார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அந்த மண்வெட்டிப் பக்கம் அப்படியே தொங்கியது. அடுத்த மாதப் பக்கம் வந்தும் அக்கா இதைக் கழற்றவில்லை, அவருக்குப் பாடமாக இருக்கட்டும் என்று. தேநீர் போட அவள் அடுப்பங்கரைக்குப் போனாள்.

"மச்சான், உன் கண்ணாடி ஒரு பக்கம் சாயுது. கழட்டு" என்றார் மாமா.

"வேணாம் மாமா, நான் கடைக்குப் போறேன்."

"கடையே இங்க இருக்கும்போது?"

இழுப்பறையிலிருந்து சின்னத் திருப்புளியை இடது கையால் எடுத்தார். வலது கையில் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் மட்டும் ஒட்டாமல் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. திருப்புளி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை திருகாணி கழன்று மேசையில் உருண்டு எங்கோ போய்விட்டது. மாமா சிரித்தபடி, குனிந்து தேட ஆரம்பித்தார். அவர் அப்படிக் குனிந்து தேடுவதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"மாமா, நீங்க வளையத்தை இறுக்க மறக்கல."

"தெரியும்" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"நான் தோண்டவே இல்ல மாமா."

"அதுவும் தெரியும்." நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு உன் பக்கத்தை மறுபடி படிச்சேன், நான் எங்க தப்பு பண்ணேன்னு பாக்கலாம்னு. படத்துல மண்ணுக்குள்ள வெள்ளை வெள்ளையா பொடி மணி இருந்துச்சு. சரளையில அது ஏது? உங்க அக்கா தொட்டிக்குக் கலக்கற மண்ணு அது. நம்ம வீட்டுத் தொட்டியிலயும் அதேதான். கடுகு சைஸ் சாமானைப் பாத்துப் பாத்தே பழகின கண்ணுடா இது."

இத்தனை நாளும் அவர் தெரிந்தேதான் திட்டு வாங்கியிருக்கிறார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அப்புறம் ஏன் மாமா சொல்லல?"

"உங்க அக்கா வருஷா வருஷம் வகுப்புல உன் பக்கத்தைப் படிச்சுக் காட்டறா, உனக்குத் தெரியாதா? துணைவினை நடத்தும்போது, 'பார்த்தேன்'னு முடியறதுக்கு உதாரணமா. 'செஞ்சு பாக்கறவன் எழுத்து இப்படித்தான் இருக்கும்'னு சொல்லுவாளாம். என் விரல் போனது போச்சு. அவளுக்கு அந்தப் பெருமை ஒண்ணு ஏன் போகணும்?" குரலைத் தாழ்த்தினார். "நீயும் சொல்லாத. என்னைத்தானே திட்டறா, திட்டிட்டுப் போகட்டும். எனக்குப் பழக்கம்."

தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. அதையும் பாதிக்கப்பட்ட மனுஷனே திறந்து வைத்திருந்தார். ஒரு நொடி அந்தப் பக்கம் அவன் மனசு போனது. போனதை நினைத்து இன்றுவரை அவனுக்குக் கூச்சம்தான்.

அக்கா மூன்று தம்ளரோடு வந்தாள். "டேய், நல்லவேளை நீ வந்த. அந்த வளையத்தை எப்படி இறுக்கணும்னு இவருக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுடா. உனக்குத்தான் தெரியும்."

"எனக்குத் தெரியாது அக்கா" என்றான். "நான் தோண்டிப் பார்க்கல. பால்கனியில நின்னு பார்த்தேன், அவ்வளவுதான். தகட்டுல இருந்தது நீ குடுத்த தொட்டி மண்ணு. கரண்டியால அப்பினேன். அப்புறமாத்தான் குவாரியில போய்த் தோண்டினேன், ஏழாவது குத்துக்கே வளையம் கழண்டுடுச்சு. மாமா மேல ஒரு தப்பும் இல்ல."

அக்கா தம்ளர்களை மேசைமேல் வைத்தாள். அவனை அடித்திருக்கலாம், நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கணவரைத்தான் பார்த்தாள். "மறந்திருப்பேன்னு ஏங்க சொன்னீங்க?" என்று கேட்டாள். அவர் திருகாணியைத் தேடுகிறவர் போல மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நீண்டு நின்ற அந்த விரலைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். "வலிக்குதா?" என்றாள். இத்தனை வாரத்தில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கேட்காமல் போனதும் தன்னால்தான் என்று அரைமார்க்குக்கு உறைத்தது.

பிறகு எழுந்து போனாள். கதவிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்தாள். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, நின்றபடியே படித்தாள். 'சரளை மண்ணில்' என்பதை அடித்தாள். 'அரை மணி நேரம்' என்பதை அடித்தாள். பிறகு 'தோண்டி' என்பதையும், அதோடு ஒட்டியிருந்த 'ப்' என்ற எழுத்தையும் சேர்த்து அடித்தாள். அந்த வரியில் 'பார்த்தேன்' மட்டும் மிஞ்சியது.

"அடுத்த மாசம் இதை நீ எழுதறியா, நான் பத்திரிகைக்குக் கடிதமா எழுதிப் போடட்டுமா?"

"நானே எழுதறேன் அக்கா. எல்லாத்தையும் எழுதறேன்."

அவள் தாளை மறுபடி கதவில் ஒட்டி, காந்தத்தை வைத்து அழுத்தினாள். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. சிவப்புக் கோடுகள் மட்டும் நன்றாகவே தெரிந்தன.

"அதை எடுத்துடேன் அக்கா" என்றான்.

"இருக்கட்டும். வியாழக்கிழமை துணைவினை நடத்தணும். வகுப்புக்கு வேணும்" என்றாள் அக்கா.