பெரியம்மா தூங்குறாங்க

பட்டுச் சேலை தரையில் புரளாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுலக்ஷனா குனிந்து பெரியம்மாவின் கால்களைத் தொட்டாள். சில்லென்றிருந்தன. பூண்டுலோயாவுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் காலை வேளையில் யாருடைய கால்தான் சுடும் என்று நினைத்துக் கம்பளியை இழுத்து மூடினாள்.

"பெரியம்மா, கோயிலுக்குக் கெளம்பிட்டோம். ஆசீர்வாதம் பண்ணுங்க."

வாதத்தில் விழுந்ததிலிருந்து பெரியம்மாவுக்குப் பேச்சு குழறும். ஆனாலும் கூப்பிட்டால் இடது கையைத் தூக்குவாள். இன்றைக்குத் தூக்கவில்லை. சுலக்ஷனா கிட்டப் போனாள். வாய் சற்றே திறந்திருந்தது. பாதி மூடிய கண்கள் கூரைத் தகரத்தைப் பார்த்தபடி இருந்தன. மருதாணி சிவந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே மேளம் தொடங்கிவிட்டது. கந்தப்பளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து கோயிலில் காத்திருந்தார்கள்.

இந்தக் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. முதலில் மாப்பிள்ளை லோஜனின் தாத்தா இறந்தார். பிறகு இங்கே சித்தப்பா போனார், நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாத வருசத் துடக்கு. லோஜனின் அத்தை நாகலெட்சுமி போன மாதம் வந்திருந்தபோது, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "இனியும் ஏதாச்சும் வந்தா நாங்க வேற எடம் பாக்க வேண்டியதுதான். தப்பா நெனைக்காதீங்க." யாரும் தப்பாக நினைக்கவில்லை. சுலக்ஷனாவுக்கு முப்பத்திரண்டு முடிந்திருந்தது.

"ஏய், இன்னும் என்ன பண்ற?" அம்மாவின் குரல்.

சுலக்ஷனா கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பெரியம்மாவின் முகத்தைச் சுவர்ப்பக்கம் மெல்லத் திருப்பப் பார்த்தாள். அது எளிதில் திரும்பவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"பெரியம்மா தூங்குறாங்க. எழுப்ப வேணாம்."

வாசலில் ஷாமிலா அக்கா நின்றிருந்தாள். பெரியம்மாவின் ஒரே மகள். இரவெல்லாம் கல்யாணச் சமையலில் நின்று கண்கள் புகையில் சிவந்திருந்தன. அவள் கோயிலுக்கு வருவதாக இல்லை. அம்மாவோடு இருக்கப் போவதாக முந்தின நாளே சொல்லியிருந்தாள். இப்போது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள்.

"நீயும் வாக்கா" என்றாள் சுலக்ஷனா. தன் குரல் இவ்வளவு இயல்பாக வருவது அவளுக்கே வியப்பாக இருந்தது. "தூங்குறாங்கதானே. பக்கத்துக் காம்பரா வினோதாகிட்ட சொல்லிட்டு வா. நீ இல்லாம எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

ஷாமிலாவின் முகம் மலர்ந்தது. ஓடிப்போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

அந்த லயத்து வீட்டு வரிசையில் பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று அண்ணன் தம்பி மூவருக்கும் அடுத்தடுத்த ஒற்றையறைக் காம்பராக்கள். நடுச்சுவர்களை உடைத்து வழிவிட்டதில் எல்லாம் ஒரே வீடாகிப் போயிருந்தது. பெண்கள் விடியுமுன் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓட, அந்தக் காலத்திலேயே கொழுந்து பறிக்கும் மலையில் விழுந்து இடுப்பொடிந்த பெரியம்மா மட்டும் வீட்டில் இருந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள்தான் தலைவாரினாள், சோறு போட்டாள், அடித்தாள். அவித்த முட்டை ஒன்றைத் தையல் நூலால் அறுத்து எல்லாத் தட்டுக்கும் வைப்பாள். தனக்குத்தான் பெரிய துண்டு என்று ஒவ்வொரு பிள்ளையும் நம்பும்படி வைப்பாள். எது யார் பிள்ளை என்று வெளியாள் கேட்டால், "எல்லாம் எங்க புள்ளைகதான்" என்பாள். ஷாமிலாவைத் தனியாக மடியில் வைத்து அவள் கொஞ்சி யாரும் பார்த்ததில்லை.

பெரியம்மா பேசக்கூடிய நிலையில் இருந்தால் முகூர்த்தத்தை விடாதே என்றுதான் சொல்லியிருப்பாள். இந்த நினைப்பு சுலக்ஷனாவுக்குக் கோயிலில், மணவறையில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. கதவைச் சாத்தும்போது அவள் பெரியம்மாவை நினைக்கவே இல்லை.

லோஜன் தாலி கட்டினான். பூவும் அரிசியும் தலையில் விழுந்தன. கூட்டத்தில் ஷாமிலா அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துச் சிரிப்பதைப் பார்த்ததும் சுலக்ஷனா தலையைக் குனிந்துகொண்டாள். பொண்ணுக்கு வெட்கம் என்று யாரோ சொன்னார்கள்.

லயத்துக்குத் திரும்பி ஆலாத்தி எடுக்க நிறுத்தியிருந்தபோது, ஷாமிலா அம்மாவுக்கென்று பாயாசத்தை எடுத்துக்கொண்டு முன்னே போனாள். பாத்திரம் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு அவள் குரல்.

ஆலாத்தித் தட்டு யார் கைக்குப் போனதென்று தெரியவில்லை. நாகலெட்சுமி, "பொண்ணு மாப்பிள்ள உள்ள போகக் கூடாது, வேன்ல ஏறுங்க" என்று தடுத்தாள். சுலக்ஷனா அவள் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

லயத்துப் பெண்கள் கட்டிலைச் சுற்றி அழுதார்கள். "தாலி ஏறுற வரைக்கும் உசிரப் புடிச்சிக்கிட்டு இருந்திருக்கா மகராசி" என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் அதையே சொல்லி அழுதார்கள். சுலக்ஷனா கழுத்து மாலையோடு சுவரோரம் நின்றாள்.

"நான் போயிருக்கக் கூடாது" என்று ஷாமிலா திரும்பத் திரும்பச் சொன்னாள். "தண்ணி கேட்டிருப்பாங்க. கூப்புட்டிருப்பாங்க. நான் அங்க சிரிச்சிக்கிட்டு நின்னேன்."

வினோதா, தனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

குளிப்பாட்டத் தண்ணீர் காய்ச்சப் பெண்கள் வெளியே போனதும் அறையில் ஷாமிலாவும் சுலக்ஷனாவும்தான் மிஞ்சினார்கள். ஷாமிலா அம்மாவின் மடங்கிய கையை நீட்டிவிடப் பார்த்தாள். வரவில்லை. முழங்கையைப் பிடித்து மறுபடி இழுத்தாள். பிறகு கழுத்தைத் தொட்டாள், தாடையைத் தொட்டாள். அவள் அழுகை மெல்ல நின்றது.

"இப்பிடி வெறச்சிப் போயிருக்கே" என்றாள். "காலையில நீ பாத்தப்ப தூங்கிக்கிட்டுதானே இருந்தாங்க?"

சுலக்ஷனா வாயைத் திறந்தாள். "அக்கா" என்ற ஒரு சொல்தான் வந்தது.

ஷாமிலா திரும்பிப் பார்த்தாள். முகத்தை, மாலையை, தாலியை, மறுபடி முகத்தை. அவள் அறைந்தால் நன்றாக இருக்கும் என்று சுலக்ஷனாவுக்குத் தோன்றியது. அதை எதிர்பார்த்துக் கிட்டப் போய்க்கூட நின்றாள்.

அப்போது நாகலெட்சுமி கதவருகே வந்தாள். உள்ளே கால் வைக்காமல் கேட்டாள். "ஏம்மா, உசிரு எப்ப போச்சு? தாலி கட்டுறதுக்கு முந்தியா, பிந்தியா? எங்க வீட்டுல கேப்பாங்க."

பின்னால் லோஜனும் நின்றிருந்தான்.

"இப்பத்தான்" என்றாள் ஷாமிலா. "நாங்க வர்றதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் போயிருக்கு. ஒடம்பு இன்னும் சூடாத்தான் இருக்கு."

சொல்லிக்கொண்டே அம்மாவின் கையைக் கம்பளிக்குள் வைத்து மூடினாள். நாகலெட்சுமி நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"அக்கா, நான் போகல. நான் இங்கயே இருக்கேன்."

"போ." ஷாமிலா அவளைப் பார்க்கவில்லை. "நீ இங்க நின்னா என்னால அழ முடியாது."

சாமான்களை ஏற்றி மதியத்துக்குமேல் வேன் புறப்படும்போது அம்மா சன்னல் வழியே அவள் கன்னத்தைத் தடவி, "பெரியம்மாவோட ஆசீர்வாதம் ஒனக்கு முழுசா இருக்கு" என்றாள். சுலக்ஷனா அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள். லோஜன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தேயிலை மலையைச் சுற்றி இறங்கும் பாதை ஒடுங்கியது. ஒரு வளைவில் மேலேறி வந்த சின்ன லொறிக்கு வழிவிட வேன் ஓரங்கட்டி நின்றது. சாரதி பாட்டை நிறுத்தினான். லொறியின் பின்தட்டில் புதுச் சவப்பெட்டி இருந்தது. டவுனுக்குப் போய் அதை வாங்கி வருகிறவன் சித்தப்பா மகன் திலக்ஷன். கல்யாண வேட்டியை மாற்றக்கூட அவனுக்கு நேரம் இருந்திருக்காது. நெற்றியில் சந்தனம் அப்படியே இருந்தது. பெட்டி நகராமல் ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வேனுக்குள் அவளைக் கண்டதும், அழுது வீங்கிய முகத்தோடு சிரித்து, மற்றக் கையைத் தூக்கி அசைத்தான்.

சுலக்ஷனாவும் கையைத் தூக்கினாள்.