போட்டு வாறன்

மில்லில் எஞ்சின் நின்றால் எங்கள் அடுப்பும் நின்றுவிடும். களத்தில் புழுங்கல் நெல் காயவிடும் பெண்களுக்கு அன்றன்றைக்குத்தான் கூலி. அறுபதாம் ஆண்டு முரசுமோட்டையில் அந்தக் கிழட்டு எஞ்சினைக் கிளப்பத் தெரிந்தவன் தவராசா ஒருவன்தான். அதனால் அவன் மீது எப்போதும் ஒரு கண் வைத்திருந்தேன்.

தங்கமான பொடியன். மழை இருட்டினால் ஓடிவந்து எங்களோடு நெல் அள்ளுவான். என்னோடு களத்தில் நிற்கும் நேசமலருக்கு இடுப்புப் பிடித்தால் அவளுடைய மூட்டையையும் தூக்குவான். மனேச்சர் கனகலிங்கத்தாருக்கு அது பொறுக்கவில்லை. சும்மா உதவுகிற ஆளை அந்த மனிதர் கண்டதே இல்லைப்போல! ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் தவராசாவை மறித்தார்.

"மடியை அவிட்டுக் காட்டு."

ஒரு பீடிக்கட்டுத்தான் விழுந்தது. ஒரு நெல்மணிகூட இல்லை.

"உன்ர வேலை எஞ்சின். அதை மட்டும் பார். களத்துப் பக்கம் காலை வைக்காதை."

"ஓம் ஐயா," என்றான் தவராசா.

அடுத்த மழைக்கு அவன் எஞ்சினுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நெல் நனைந்தது. மனேச்சரோ, "இப்பதான் பொடியன் ஒழுங்குக்கு வந்திருக்கிறான்," என்று பூரித்தார். பிறகு தவராசா காய்ச்சல் என்று இரண்டு நாள் வரவில்லை; எஞ்சினும் ஓடவில்லை. அதற்குப் பிறகு தங்கச்சி பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீடு என்றான். அவனுக்கு ஏது தங்கச்சி!

வெள்ளிக்கிழமை பின்னேரம் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, "போறன் அக்கா," என்றான்.

செத்தவீட்டைத் தவிர வேறெங்கும் எங்களில் யாரும், திரும்பி வருவேன் என்பதற்கு, 'போட்டு வாறன்' சொல்லாமல் வெளிக்கிடுவதில்லை. மனேச்சரிடம் ஓடினேன்.

"ஐயா, அவன் இனித் திரும்பி வரமாட்டான். கூப்பிட்டு ஒரு நல்ல சொல்லுச் சொல்லுங்கோ."

"பேய்க்கதை கதைக்காதை பத்மாசனி. வாய் தவறிச் சொல்லியிருப்பான்."

சனிக்கிழமை வாசலில் நெல் வண்டில்கள் வரிசையாக நின்றன. தவராசா வரவில்லை. வவுனியாவில் வேறொரு மில்லுக்குப் போய்விட்டானாம். மனேச்சர் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். மத்தியானம் வண்டில்கள் திரும்பிப் போயின. எங்களுக்கும் கூலி இல்லை. வந்த ஆத்திரத்தில் நெல் அள்ளும் கடகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளிக்கிட்டேன்.

"போட்டு வாறன் ஐயா."

மனேச்சர் பாய்ந்து வந்து வழியை மறித்தார்.

"என்னெண்டு சொன்னனி? இன்னொருக்கா வடிவாச் சொல்லு."

சொன்னேன். அப்போதும் அந்த மனிதர் நம்பாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.